கறிக்குக் குடுத்த குளிசை

“முன்னொரு காலத்தில ஒரு கிருமி இருந்திச்சாம் யோசேப்பு, அது மருந்தையே அறுக்கப் பழகிட்டுதாம்.” இப்பிடித்தான் தம்பி, டாக்குத்தர் எனக்குக் கதை சொல்றார். ஐம்பது வயசு ஆம்பிளைக்கு. வாவியில வீச்சுவலை எறியிறவனுக்கு.

நீ பக்கத்துக் கட்டிலுக்கு இண்டைக்குத்தானே வந்தாய், உனக்குத் தெரியாது. போன மாசம் கெளுத்தி முள்ளு குதிக்காலில ஏறிச்சு. ஏறாத முள்ளா? ஆனா இது வீங்கி, சீழ் பிடிச்சு... சரியெண்டு இஞ்ச வந்தன். பென்சிலின் குளிசை தந்து ஒரு கிழமைக்கு, ஏழு நாளும் போடு எண்டாங்க. மூண்டாம் நாள் வீக்கம் வத்திற்று. மறுகா பத்து நாளில திரும்பி வந்திற்று, ரெண்டு மடங்கா. அதே குளிசை, கேக்கல்ல. ஊசி, அதுக்கும் கேக்கல்ல.

இப்பதான் இந்தப் புது மருந்து, கூட்டுக்குள்ள தூள் அடைச்ச குளிசை. பழசு பூஞ்சணத்தில விளைஞ்சதாம். நண்டு வலையை அறுக்கிற மாதிரி என்ட கால் கிருமி அதை அறுத்துப் போடுதாம். அதுக்குச் சீமையில கனபேர் குந்தியிருந்து, பழைய மருந்தில ஒரு துண்டைக் கழட்டிப்போட்டு, தாங்களாச் செஞ்ச துண்டை ஒட்டியிருக்காங்களாம். நண்டுக்குக் கடிக்கப் பிடி கிடைக்காதாம். நல்ல மூளைதான், இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா வெறுவயித்தில போடணுமாம், நாளைக்கு நாலு தரம். மனிசன் எப்ப தம்பி தின்னுற?

இதுவும் கேக்காட்டி முழங்காலோட எடுக்கணும் எண்டுட்டார். ஒத்தைக் காலில தோணியில நிண்டு வலை எறிய நான் என்ன கொக்கா?

பார், எதிர்க் கட்டில்காரரும் விறாந்தைக்குப் போயிட்டார். நான் வாய் திறந்தாத்தான் எல்லாருக்கும் காத்து வாங்கணும். நீ இரி.

முதல் தந்த குளிசை முழுக்கப் போட்டயா எண்டு டாக்குத்தர் கேட்டார். ஓம் எண்டன். பொய்தான். வீக்கம் வத்தினாப் பிறகு என்னத்துக்கு? பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை அக்காட புண்ணுக்கு நாலு, எதிர்வீட்டுப் பக்கீர் காக்காட இருமலுக்கு ஆறு... தோணியடியில வந்து நிக்கிறவரை நம்ம பக்கம் வெறுங்கையோட அனுப்புறயா? கறிக்கெண்டு ஒரு பிடி மீன் போட்டுத்தானே அனுப்புவம். மிச்சம் கையில இருந்த குளிசையைக் குடுத்தன். அரைகுறையாப் போட்டா, சாகாத கிருமி பழகிரும் எண்டு அவர் அப்ப சொல்லல்லையே... சொன்னார்தான். மெதுவாச் சொன்னார்.

இப்ப பாரன், நேற்று மச்சான் பிலிப்பு என்னைப் பாக்க வந்தான். கன்னம் பணியாரம் மாதிரி வீங்கி, பல்லுவலி. நாளைக்கும் வருவான். அதுதான் வாயில போட்ட மாதிரிக் காட்டிப்போட்டு... தலகாணிக்குள்ள மூண்டு இரிக்கு. ஆருக்கும் சொல்லாத.

என்ன எழும்புறாய்? தண்ணிப் பானை இந்தப் பக்கம். அங்கால நர்ஸ் மிஸிட மேசைதானே. தம்பி... மனே, சொல்லிப்போடாத. அவ பக்கத்தில நிண்டு, தொண்டையால இறங்குமட்டும் பாப்பா.

நாளைக்கு வாறவனுக்கு நான் என்னத்தைக் குடுக்கிற?