நீல இலை போட்ட பெட்டி

பெவ்: …துப்பாக்கிய வெளியிலயே வச்சுட்டு வந்தீங்களா, இல்ல உள்ளயும் தூக்கிட்டு வந்துட்டீங்களா?

எல்ராய்: வண்டியில இருக்கு.

பெவ்: நல்லவேளை! இங்க மான் கிடையாது. எல்லாம் வயசான பொம்பளைங்கதான். அடி ஆர்லிஸ், இங்க வந்து பாரேன். மான் வேட்டை ஆரம்பிக்கிற நாளு, விஸ்கான்சின் ஆம்பளைங்க மொத்தமும் காட்டுக்குள்ள கிடக்குது. இவரு மட்டும் வேட்டைக்காரங்க போடுற ஆரஞ்சு ஜாக்கெட்டப் போட்டுக்கிட்டு, சர்ச்சுக்கு அடியில இருக்கிற இந்த ரூமுக்கு இறங்கி வந்து, பூ போடக் கத்துக்குடுங்கன்னு நிக்கிறாரு.

ஆர்லிஸ்: வந்தவர முதல்ல உக்கார விடு பெவ். வாங்க… பேரு?

எல்ராய்: எல்ராய்.

ஆர்லிஸ்: நான் ஆர்லிஸ். இவ பெவ். வாய்தான் கொஞ்சம் நீளம், மத்தபடி நல்லவ.

பெவ்: மத்தபடின்னா என்னடி அர்த்தம்?

ஆர்லிஸ்: சும்மா இரு. எங்க சங்கத்துல யாரு வேணா சேரலாம் எல்ராய். மாசத்துல ஒரு சனிக்கிழமை கூடுவோம். தட்டு, மரப்பெட்டி, பால் கேனு… கையில எது கிடைக்குதோ அதுல பூ வரைவோம்.

எல்ராய்: சேர வரலைங்க. ஒரே ஒரு பூ போடணும். அத மட்டும் சொல்லிக் குடுத்தீங்கன்னா போதும், போயிடுவேன்.

பெவ்: அதுக்கு மான் வேட்டை நாளுதான் கிடைச்சுதா?

எல்ராய்: இன்னிக்குன்னா… தெரிஞ்சவன் எவனும் ஊருக்குள்ள இருக்க மாட்டான்.

பெவ்: அடடா! வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?

எல்ராய்: மான் சுடப் போறேன்னு.

பெவ்: சாயந்திரம் வெறுங்கையோட போனா?

எல்ராய்: எப்பவும் வெறுங்கையோடதான் போவேன். அவ ஒண்ணும் நினைக்க மாட்டா.

பெவ்: இவர எனக்குப் பிடிச்சுப் போச்சுடி. சரி, பூ எதுல போடணும்? எடுங்க பாப்போம். பையில என்ன, துண்டுல சுத்தி வச்சிருக்கீங்க?

எல்ராய்: இதுதாங்க… ஒரு பெட்டி. என் தங்கச்சியோடது.

பெவ்: அட, இது நம்ம… ஆர்லிஸ், இந்த அளவு, இந்த மூடி… இது நாம ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற…

ஆர்லிஸ்: காபி தீந்து போச்சு பெவ்.

பெவ்: இப்பத்தானே ஒரு குடம் போட்டு வச்சேன்?

ஆர்லிஸ்: தீந்து போச்சுன்னு சொல்றேன்ல.

பெவ்: …ஆமா. தீந்துதான் போயிருக்கும். நான் போய் பாக்குறேன்.

எல்ராய்: அவங்க என்னமோ சொல்ல வந்தாங்களே?

ஆர்லிஸ்: அவ எப்பவும் என்னமோ சொல்ல வருவா. பெட்டிய இப்படிக் குடுங்க. …ம். மூடியில தேஞ்சிருக்கு. இந்தப் பக்கம் ரோஜா, அந்தப் பக்கம் டெய்சிப் பூ… ரெண்டுமே போயிடுச்சு. அடி மரமே தெரியுது.

எல்ராய்: ரெண்டையும் போட்டுடணும். தேஞ்சதே தெரியக் கூடாது. யாரும் கையே வைக்காத பெட்டி மாதிரி இருக்கணும்.

ஆர்லிஸ்: ஏன்?

எல்ராய்: …அடுத்த வாரம் வீட்டக் காலி பண்றோம். பண்ணைய வித்தாச்சு. சாமான் எல்லாத்தையும் இறக்குறப்ப இதுவும் வெளிய வரும். தங்கச்சி பாத்தா சங்கடம்.

ஆர்லிஸ்: தங்கச்சியோட பெட்டி உங்க வீட்ல இருக்கா?

எல்ராய்: ஆமா… குடுத்து வச்சிருந்தா.

ஆர்லிஸ்: சரி. முதல்ல காகிதத்துல பழகுங்க. பிரஷ் இதோ. ஒரு மூலையில சிவப்பு, மறு மூலையில வெள்ளை. ரெண்டும் ஒரே பிரஷ்ல. வச்சு அமுக்குங்க, இழுங்க, மெதுவா தூக்குங்க.

எல்ராய்: இது என்ன, புழு மாதிரி வந்திருக்கு?

ஆர்லிஸ்: எல்லாருக்கும் முதல்ல புழுதான் வரும். பிரஷ்ஷ ஏன் மண்வெட்டி மாதிரி பிடிக்கிறீங்க? விடுங்க… லேசா.

எல்ராய்: மாட்டு மடி பிடிச்ச கைங்க. இப்படித்தான் வரும்.

ஆர்லிஸ்: மாட்ட இவ்வளவு இறுக்கியா பிடிப்பீங்க? உதைச்சிருக்குமே.

எல்ராய்: ஹ… உதைச்சிருக்கு.

ஆர்லிஸ்: இன்னொண்ணு போடுங்க. ஆங்… இது பரவாயில்ல. இதழ்னு சொன்னா நம்பலாம். இன்னும் ரெண்டு.

எல்ராய்: ஒண்ணு கேக்கணும். இந்த ஓரத்துல ஒரு இலை நீலமா இருக்கு பாருங்க. மத்ததெல்லாம் பச்சை. இது ஒண்ணு மட்டும் நீலம்.

ஆர்லிஸ்: …ம்.

எல்ராய்: அத மட்டும் தொட்டுடாதீங்க. அது அப்படியே இருக்கணும். அதுல என்னவோ அர்த்தம் இருக்கு. ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்திருக்கேன். இத்தனை பச்சைக்கு நடுவுல ஏன் ஒண்ணு மட்டும் இப்படி…

ஆர்லிஸ்: அர்த்தம் ஒண்ணும் இல்ல எல்ராய். ரெண்டு பெயிண்ட் பாட்டிலுக்கும் ஒரே மாதிரி மூடி. மாத்தி எடுத்துட்டேன்.

எல்ராய்: …என்னது?

ஆர்லிஸ்: ஒண்ணும் இல்ல. நீங்க போடுங்க.

எல்ராய்: மாத்தி எடுத்துட்டேன்னு சொன்னீங்க.

ஆர்லிஸ்: வாய் தவறி…

எல்ராய்: நீங்களா வரைஞ்சீங்க?

ஆர்லிஸ்: …ஆமா. துண்டப் பிரிச்சதுமே தெரிஞ்சுது. அவங்கவங்க கையெழுத்து மாதிரிதான் இதுவும். அன்னிக்கு அந்த இலைய அழிச்சுட்டுத் திரும்பப் போடலாம்னுதான் பாத்தேன். அதுக்குள்ள ஆஸ்பத்திரியில இருந்து ஆள் வந்துட்டாங்க. ஒரு வீட்டுக்கு உடனே வேணும்னாங்க.

எல்ராய்: உடனே வேணும்னா…

ஆர்லிஸ்: இந்தப் பெட்டி எதுக்குன்னு எனக்குத் தெரியும். பொறந்து தங்காமப் போன குழந்தைங்களுக்காகத்தான் இத வரைஞ்சு குடுக்கிறோம். குழந்தையோட தொப்பி, கால் தடம் பதிச்ச காகிதம்… வெறுங்கையோட வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு. யாரு வரைஞ்சதுன்னு பேரு போட மாட்டோம். யாருக்குப் போகுதுன்னும் கேக்க மாட்டோம். இத்தனை வருஷத்துல ஒரு பெட்டிகூடத் திரும்பி வந்து நான் பாத்ததில்ல. இப்பப் பாக்குறேன்.

எல்ராய்: …தங்கச்சி இல்லைங்க.

ஆர்லிஸ்: தெரியும்.

எல்ராய்: எங்களோடது. எங்க பொண்ணு. ஒரு ராத்திரிதான் இருந்தா.

ஆர்லிஸ்: ம்.

எல்ராய்: என் வீட்டுக்காரி லோயிஸ் இத அன்னிக்கு ஒரு தடவ பாத்தா. கண்ணுல படாத இடத்துல வைன்னா. கறவைக் கொட்டகையில மேல் பரண் மேல வச்சேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதே இல்ல. ஒரு வார்த்தை இல்ல. அவளுக்கு வலிக்குமேன்னு நான் பேசல. அவளும் கேக்கல.

ஆர்லிஸ்: நீங்க மட்டும் எடுத்துப் பாப்பீங்க.

எல்ராய்: காலையில பால் கறந்து முடிச்சதும். எல்லா நாளும் இல்ல… தோணும்போது. ரோஜா மேல கட்டைவிரல வச்சு மூடியத் தூக்குவேன். கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். இறங்கி வந்து காலை டிபன் சாப்பிடுவேன்.

ஆர்லிஸ்: அது அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன? தப்பு ஒண்ணும் பண்ணலையே.

எல்ராய்: உங்களுக்குப் புரியாது. அவ அந்தச் சமயத்துல உடைஞ்சு போயிட்டா. நான் உடையல… உடையாத மாதிரி இருந்தேன். நீ கல்லு மாதிரி நின்னதாலதான் நான் எழுந்திரிச்சேன்னு இப்பவும் சொல்லுவா. இந்தத் தேய்மானத்தப் பாத்தா தெரிஞ்சு போயிடும்ல, கல்லும் இல்ல மண்ணும் இல்லன்னு. பாவம், இந்த வயசுல அத வேற அவ தாங்கணுமா? பரண்ல கிடந்துச்சு, மறந்தே போயிட்டேன்னு சொல்லிக் கையில குடுத்துடலாம்னு பாத்தேன். அவ்ளோதான்.

ஆர்லிஸ்: …சரி. வாங்க, போட்டுடலாம். என் பூவ நானே திரும்பப் போடுறதுல ஒரு கஷ்டமும் இல்ல. நீங்க ரோஜாவுக்கு முதல் இதழ் வைங்க.

எல்ராய்: நானா? கெடுத்துடுவேன்.

ஆர்லிஸ்: கெட்டா துடைச்சுக்கலாம். வைங்க. அமுக்கு… இழு… தூக்கு. பாருங்க, பிடிச்சுக்கிச்சு. மீதிய நான் முடிக்கிறேன். …ம். இப்ப டெய்சி. வெள்ளைய எடுத்து… இது என்ன?

எல்ராய்: என்ன ஆச்சு?

ஆர்லிஸ்: ஒட்ட மாட்டேங்குது. முத்து முத்தா உருண்டு நிக்குது பாருங்க. இருங்க, உப்புத்தாள் போட்டுத் தேச்சுட்டுப் போடுறேன். …இப்பவும் ஒட்டல.

எல்ராய்: பழைய மரம்…

ஆர்லிஸ்: ரோஜா இருந்த இடமும் அதே மரம்தானே? அங்க ஒட்டுச்சே. இது எண்ணெய்ப் பசை. உள்ள வரைக்கும் ஊறிப் போயிருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள்ல ஊறினது இல்ல. நீங்க கைக்கு க்ரீம் ஏதாவது போடுவீங்களா?

எல்ராய்: நானா? மாடு கறக்கிறவனுக்கு எதுக்கு க்ரீமு?

ஆர்லிஸ்: பெட்டிய எப்படித் திறப்பீங்கன்னு ஒரு தடவ காட்டுங்க.

எல்ராய்: இப்படித்தான். இந்தக் கையில பிடிச்சுக்கிட்டு, இந்தக் கட்டைவிரல் இங்க…

ஆர்லிஸ்: ரோஜா மேல. டெய்சிகிட்ட உங்க விரல் போகவே இல்லையே.

எல்ராய்: …போகாது.

ஆர்லிஸ்: இந்த டெய்சிப் பக்கத் தேய்மானத்தப் பாருங்க. உங்க விரல்ல பாதிதான் இருக்கு. இது சின்னக் கை. இடது கைப் பழக்கம் இருக்கிறவங்க கை.

எல்ராய்: பெட்டிய இப்படித் திருப்புங்க, பாக்குறேன்.

ஆர்லிஸ்: எல்ராய்? தண்ணி குடிக்கிறீங்களா?

எல்ராய்: வேணாம். …எங்க மத்த பசங்க யாரும் பரண் மேல ஏறினது இல்லைங்க. ஏணி ஆடும்னு நான் விடவே மாட்டேன்.

ஆர்லிஸ்: ம்.

எல்ராய்: லோயிஸ் இடது கைக்காரிதான், க்ரீமும் போடுவா… ஆனா அவளுக்கு அந்த ஏணி பயம்னு சொல்லுவா. எத்தனையோ தடவ சொல்லியிருக்கா… ஏறவே மாட்டேன்னு… நான் வயலுக்குப் போனதும்…

ஆர்லிஸ்: எடுத்துப் பாத்துட்டு, நீங்க வச்ச மாதிரியே திரும்ப வச்சிருக்காங்க.

எல்ராய்: அப்ப ரோஜா தேஞ்சத அவ பாத்திருப்பாளே. எல்லாத்தையும் பாத்திருப்பா. நான் கல்லு இல்லன்னு… தெரிஞ்சுக்கிட்டேதான் அப்படிச் சொல்லிட்டு இருந்திருக்கா.

ஆர்லிஸ்: உங்களுக்காகச் சொல்லியிருப்பாங்க.

எல்ராய்: ஐயோ… ரெண்டு பேரும் ஒரே வீட்டுல… ஒரே பெட்டி… நான் ஒரு முட்டாள்ங்க. டெய்சியும் நானே தேய்ச்சதுன்னு நினைச்சேன்.

ஆர்லிஸ்: அழுங்க. இங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

எல்ராய்: துடைச்சுடுங்க.

ஆர்லிஸ்: எத?

எல்ராய்: புதுசாப் போட்ட ரோஜாவ. காயறதுக்குள்ள துடைச்சுடுங்க. நான் போட்ட இதழையும் சேத்து. அடி மரம் முன்ன மாதிரியே தெரியணும்.

ஆர்லிஸ்: ஈரத் துணி இந்தாங்க. நீங்களே துடைங்க. …மெதுவா. இலைப் பக்கம் போயிடாதீங்க.

பெவ்: காபி வந்தாச்சு… என்ன, பூவக் காணோம்? துடைச்சுட்டீங்களா? போனாப் போகுது எல்ராய், அடுத்த மாசம் வாங்க, நானே போட்டுத் தர்றேன். உங்க தங்கச்சிகிட்ட இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க, என்ன?

எல்ராய்: எனக்குத் தங்கச்சி கிடையாதுங்க. இது எங்க பொண்ணோடது. ரோசலின்னு பேரு. அந்தப் பேர அன்னிக்குச் சொன்னது, இன்னிக்குத்தான் திரும்பச் சொல்றேன்… வீட்டுக்குப் போய் அவ அம்மாகிட்டயும் சொல்லணும்.