ஆறாவது நாற்காலி

ஏப்ரல் 12, சனிக்கிழமை. காலை பத்தே காலுக்கு, பட்டியலில் பதினேழாவதாக இருந்த வீட்டின் கதவு திறந்தது. திறக்கும்போதே எமில் ரிவ்னாக் பேசிக்கொண்டிருந்தார். மேயர் வேட்பாளர் ஷரோன் டாகெர்ட்டிக்காக வாக்குக் கேட்டு வந்த பெண் தன் பெயரைச் சொல்வதற்குள், அவள் கையிலிருந்த துண்டறிக்கையை அவரே வாங்கிக்கொண்டார்.

"வாங்கம்மா. உங்கள மாதிரி ஒருத்தர் வரணும்னுதான் காத்துக்கிட்டிருந்தேன். அந்த வெண்டல் பூத்துங்கிறவர நிரந்தர போலீஸ் தலைவரா போடணும்னு உங்க வேட்பாளர் சொல்லிருக்காங்க, பேப்பர்ல பாத்தேன். தற்காலிகமா இருக்கும்போதே என் நாற்காலியத் தூக்கிட்டுப் போனவரு அவரு. நிரந்தரமாயிட்டா என்ன, வந்து சோபாவ எடுப்பாரா?"

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். எமில் அதை இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் பதினாலு அங்குலம் பனி. வானிலைக்காரர்கள் சொன்னது நாலு. அவர்களைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், பேசினார். மூன்று மணி நேரம் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு தெருவோரத்தில் ஒரு கார் நிறுத்தும் அளவுக்குப் பனியை வழித்தெடுத்தார். வழித்தவன் காரை எடுத்துக்கொண்டு போகும்போது அங்கே ஒரு நாற்காலி போட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை அந்த இடம் அவனுடையது. இந்த ஹோல்ட் தெருவில் அதைச் சின்னக் குழந்தையும் மதிக்கும். பால் வாங்கிவிட்டு வந்து பார்த்தால் நாற்காலியைக் காணோம். நகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது.

"அதுவும் என்ன நாற்காலி? சாப்பாட்டு மேசை நாற்காலிம்மா. பிளாஸ்டிக்குக்கு எவன் மரியாத குடுக்கறான்? மரம்னா கொஞ்சம் யோசிப்பான்ல... ஆறுல ஒண்ணு போச்சு. அடுத்த ஞாயிறு ஈஸ்டர். என் மச்சினி குடும்பத்தோட வர்றா, எங்களோட சேத்து ஆறு பேரு. நாற்காலி வரலேன்னா நீங்கதான் நின்னுக்கிட்டுச் சாப்பிடணும்னு என் பொண்டாட்டி பெர்னடெட் சொல்லிட்டா. ரெண்டு மாசமா அவ எங்கிட்டப் பேசினதே அது ஒண்ணுதான்."

ஸ்டேஷனுக்கு நாலு தடவை போன் செய்தாராம். கிடங்கில் தேடுகிறோம் என்றார்களாம். எதிர்வீட்டு கார்மைன் லூப்போவின் நாற்காலி மட்டும் தப்பித்தது. லாரி வந்த நேரத்தில் அவன் கார் அவன் இடத்தில் நின்றது, நாற்காலி வீட்டுக்குள் இருந்தது. பனி உருகி ஒரு வாரம் ஆனாலும் அதை எடுக்காத ஆள் அவன்!

"எல்லாம் எவனோ ஒருத்தன் செஞ்ச வேலைம்மா. ஜனவரியில சர்ச் ஹால்ல வட்டாரக் கூட்டம். எவனோ எந்திரிச்சு, தெருவ நாற்காலியெல்லாம் அடைச்சுக்குதுன்னு போலீஸ் தலைவர்ட்ட புகார் சொன்னானாம். யாருன்னு தெரியல."

அப்போதுதான் துண்டறிக்கையைத் திருப்பினார். பின்பக்கத்தில் அந்தக் கூட்டத்தின் படம். மேடையில் பூத் குறிப்பெடுக்கிறார். முன்னால் மைக்கைப் பிடித்தபடி முதுகு காட்டி நிற்கிறார் ஒருவர். சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட சட்டை, இடது தோளில் பச்சை ஒட்டு. கீழே கொட்டை எழுத்தில்: ‘ஹோல்ட் தெருவாசி கேட்டார். பூத் செய்தார். அதனால்தான் ஷரோன் அவரை ஆதரிக்கிறார்.’

வந்த பெண் படத்தைப் பார்த்தாள். பிறகு எமிலின் இடது தோளைப் பார்த்தாள்.

"நான் கார்மைனோடத மட்டுந்தான் சொன்னேன்" என்றார் எமில், மெல்ல.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு துண்டறிக்கையை எடுத்தது. பெர்னடெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"அந்த ஒட்டு நான் தச்சது."

எமில் சமாதானம் சொல்லத் திரும்பியபோது அந்தப் பெண் படியிறங்கிவிட்டாள். பதினேழுக்கு நேரே ‘முடிவு செய்யவில்லை’ என்று குறித்துக்கொண்டு பதினெட்டாவது வீட்டுக்குப் போனாள்.

ஏப்ரல் 15 அன்று நகர மன்றம் ஏழுக்கு இரண்டு என்ற வாக்கில் பூத்தின் நியமனத்தை ஏற்றது. ஏப்ரல் 20 அன்று ரிவ்னாக் வீட்டில் ஆறு பேர் ஈஸ்டர் விருந்து சாப்பிட்டார்கள். எமில், பனியை உருக்க உப்புத் தூவும் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.