ரெண்டு பாடி, ஒரு தோள்

"ஹலோ... ஹலோ, நான்தான்டி. கேக்குதா?... ஆமா, ஆமா, வெளியிலதான் இருக்கேன். டியூட்டி மதியத்தோட முடிஞ்சிடுச்சு... எங்கயா? கேமராக் கடையில. வேற எங்க போகப் போறேன்... என்னடி, பேச்சையே காணோம்? லைன்ல இருக்கியா?"

தங்கை லைனில்தான் இருந்தாள். 'மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்போ விடுங்க' என்று நோயாளிகளிடம் சொல்லியே பதினாறு வருடம் ஓட்டிய எக்ஸ்ரே அறைக்காரி அக்கா. எதிர்முனையில் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன். நம்ம பெரிய கேமரா பாடி கடைக்கு வந்திருக்கு. கையிலயே வச்சிருக்கேன்... ம், கனம்தான். மழை, தூசி எல்லாம் தாங்குமாம். மலை, கடல், கட்டடம் எல்லாம் ட்ரைபாட்ல நிறுத்தி நான் எடுக்கிறது. உனக்குச் சின்னது. சத்தமே வராது, சந்து பொந்து, ஆள் கூட்டம்னு நீ பாட்டுக்குப் புகுந்து எடுப்ப. உன் லென்ஸ் என்னுதுல சேரும், என்னோடது உன்னுதுல சேரும். ஒரே பேட்டரி, ஒரே சார்ஜர். அதானே பேச்சு?... ம்... ம்... அவசரப்பட வேண்டாமா? ஏன்?... ஓ, புது மாடல் வரப் போகுதா? யாரு சொன்னா?... உன் ஆபீஸ்லயா. சரி. சரி சரி."

இப்படிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நிற்பவள் இல்லை அக்கா. இன்று நின்றாள் என்றால் காரணம் கடைக்காரர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவள் உள்ளே நுழைந்ததும், மனிதர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "உபரி பேட்டரி வாங்கத்தானே வந்தீங்க? உங்க தங்கச்சி போன செவ்வாய்க்கிழமையே ரெண்டு பாடியையும் எடுத்துட்டுப் போயிட்டாங்களே! நீங்க எழுதின எக்ஸ்ரே கவரைக் காட்டி, இதுல இருக்கிற மாதிரியே கொடுங்கன்னாங்க" என்றார். அவர்மேல் குற்றமில்லை, நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டார். அக்கா 'ஆமாமா' என்று அசடு வழிந்து சமாளித்துவிட்டு, பெரிய பாடியை மட்டும் காட்டச் சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணாடி அலமாரி ஓரமாக ஒதுங்கி போனை எடுத்தாள். தங்கை தானாகச் சொல்லிவிடுவாள் என்று ஒரு நப்பாசை.

"சரி, என்னுது கிடக்கட்டும். உன்னோட சின்னது இருக்கான்னு கேட்டு எடுத்து வைக்கச் சொல்லட்டுமா?... வேண்டாமா... நீ இன்னும் வாங்கல இல்ல?... இன்னும் வாங்கல. சரி... இல்லடி, குரல் நல்லாத்தான் இருக்கு. இங்க ஏசி... கடைக்காரர் பக்கத்துலதான் நிக்கிறார், ஒரு வார்த்தை பேசுறியா?... ஏன்?... ஏன் வேண்டாம்? உன்னை அவருக்கு நல்லாத் தெரியுமே."

...

"போதும்டி. நடிச்சது போதும். செவ்வாய்க்கிழமை வந்திருக்க. ரெண்டையும் எடுத்திருக்க. என் கையெழுத்தைக் காட்டியே எடுத்திருக்க!... கத்தலை. நான் கத்தலை. கடையில நாலு பேரு இருக்காங்கன்னு எனக்கும் தெரியும்... என்ன சர்ப்ரைஸ்? யாருக்குடி சர்ப்ரைஸ்? எனக்கு வாங்கினதுன்னா இப்போ புது மாடல் கதை எதுக்கு விட்ட?... சொல்லு... ம்... ம்... ஒரு டிக்கெட்டுதானா?"

அலமாரிக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்ததும் அக்கா திரும்பி நின்றுகொண்டாள். தங்கை பயணப் பத்திரிகை ஒன்றுக்குப் படம் எடுத்துக் கொடுப்பவள். கடலோரமாகவே மூன்று மாதம் ரயிலில் போவது, வழியில் இறங்கும் ஒவ்வோர் ஊரையும் அக்கா ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமுமாக நின்று எடுப்பது, செலவு பத்திரிகையுடையது, படங்களைப் புத்தகமாகப் போடுவது. இதுதான் இருவருக்கும் பேச்சு. எந்த இரண்டு கேமரா ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் என்று பார்க்கும் பொறுப்பு அக்காவின் தலையில். ஒன்றில் குறைவது மற்றதில் இருக்க வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக லென்ஸையும் பேட்டரியையும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பழைய எக்ஸ்ரே கவர்களின் முதுகில் கட்டம் போட்டு, பதினோரு ஜோடிகளை எழுதி, பத்தை அடித்து, ஒன்றை வைத்தாள். அந்தக் கவரைத்தான் தங்கை கடைக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

"ஒருத்தருக்குத்தான் ஏற்பாடுன்னு உனக்கு எப்போ தெரியும்?... போன வாரம்தானா? திங்கள்கிழமை சொன்னாங்க, செவ்வாய்க்கிழமை ஓடி வந்து வாங்கிட்ட, அப்படித்தானே?... பொய். பொய்டி. ரெண்டையும் ஒரே ஆள் நாள் முழுக்கத் தூக்க முடியுமான்னு நீ என்கிட்ட கேட்டது எப்போ?... ஞாபகம் இல்லையா? எனக்கு இருக்கு. ரெண்டு மாசம் ஆகுது. எனக்கு உடம்புக்கு முடியாமப் போனா நீயே ரெண்டையும் தூக்கணுமேன்னு கேட்ட. நானும் ஒரு மடைச்சி, நம்ம மேல எவ்வளவு அக்கறைன்னு உருகிப் போயிட்டேன்!"

உருகியதோடு நிற்கவில்லை. இரண்டு பாடி, மூன்று லென்ஸ் எடைக்குச் சரியாக சலைன் பாட்டில்களைப் பையில் அடுக்கி, ஒரு வாரம் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி முழுக்க நடந்தாள். 'என்னம்மா, வீட்டைக் காலி பண்ணிட்டீங்களா?' என்று வார்டுபாய் கேட்டான். எலும்பு டாக்டர் வழிமறித்துத் திட்டினார். வலது தோளில் பெரியதும் இடது இடுப்பில் சின்னதுமாக மாட்டினால் ஒருத்தியே தாங்கலாம் என்று கண்டுபிடித்து, பெருமையாகப் போன் போட்டுச் சொன்னதும் அவள்தான். தன்னைக் கழற்றிவிட்டுப் போவதற்கான வழியைத் தன் தோளிலேயே சோதித்துக் கொடுத்திருக்கிறாள்.

"அடுத்தவங்க எலும்பையெல்லாம் படம் எடுக்கிறவடி நான். கூடப் பிறந்தவ மனசுல என்ன இருக்குன்னுதான் தெரியாமப் போச்சு... அழாத. அழ வேண்டியது நான்... என்னது? லீவா? கையெழுத்தாகி வந்தாச்சு. மூணு மாசம். ரெண்டு பேரு எனக்காக டியூட்டியை மாத்திக்கிட்டாங்க. நாளைக்குப் போய் எந்த முகத்தை வச்சிக்கிட்டு வேண்டாம்னு சொல்வேன்?... ஏன்? ஏன் கேன்சல் பண்ண வேண்டாம்?... முழுசாச் சொல்லு. மென்னு முழுங்காத."

...

"பொடிசைப் பாத்துக்கவா."

பொடிசு தங்கையின் மகள். ஆறு வயது. பெரியம்மா என்றால் உயிர். அக்காவுக்கும் அப்படித்தான், அது தங்கைக்கும் தெரியும்.

"உன் வீட்டுக்காரர்?... அவருக்கு நைட் ஷிப்டா. ம்... ம்... நீ என்னை மதிச்சுக் கேக்கல, வேற வழியில்லாமக் கேக்குற... தெரியும், பிள்ளை என்ன பண்ணும்னு எனக்கும் தெரியும். அவளுக்காகன்னா வேற விஷயம்... இரு, நான் இன்னும் சரின்னு சொல்லல. யோசிக்கணும்... இந்தா, அவகிட்ட போனைக் குடுக்காத. இப்போ வேண்டாம். ஏய், குடுக்காதன்னு சொல்றேன்ல... அடடே! பொடிசு! என் தங்கமா பேசுறது?... சாப்டியா?... பெரியம்மா அழலையேடா, சளி பிடிச்சிருக்கு... பல்லு விழுந்திடுச்சா? எந்தப் பல்லு?... அடி சமத்து!"

குழந்தையிடம் போனைத் திணித்துவிட்டுத் தங்கை நகர்ந்துகொண்டாள். அது அவளுடைய பழைய தந்திரம், பெரும்பாலும் பலிக்கும். இதோ, அக்காவின் குரல் வழிக்கு வந்துவிட்டது.

"ஆமா, வரலாம்னுதான்... உன் ரூம்லயே படுக்கணுமா? சரி... கட்டிலைத் தள்ளிப் போட்டாச்சா! அதுக்குள்ளயா?... பெரியம்மா மூணு மாசம் இருப்பேன்னு யாருடா சொன்னா?... அம்மாவா. நேத்தா சொன்னா?... அப்போ எப்போ?... புதுப் பை வாங்கின அன்னிக்கா? எந்தப் பை?... பள்ளிக்கூடப் பையா. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடி வாங்கினீங்களே, அதுவா?... என்ன சொன்னா, அப்படியே சொல்லு... அம்மா ஊருக்குப் போவேன்... பெரியம்மா லீவு போட்டு வந்து உன்னைப் பாத்துப்பா... ஆனா பெரியம்மாகிட்ட இப்போ சொல்லிடாதன்னு... ம். சமத்து. சொல்லாமத்தான் இருந்திருக்க."

பள்ளிக்கூடம் திறந்து ஐந்து மாதம் ஆகிறது. 'ரெண்டு பேரும் போகலாம்க்கா, லீவுக்கு எழுதிப் போடு' என்று தங்கை வந்து கையைப் பிடித்துக்கொண்டது அதற்கு ஒரு மாதம் கழித்து. டிக்கெட்டு ஒன்றாகக் குறைந்ததாகச் சொன்னதும் பொய். எந்த நாளிலும் இரண்டு டிக்கெட்டு இருக்கவில்லை. பதினாறு வருடத்தில் முதல்முறையாக அவள் கேட்டு வாங்கிய லீவு, தங்கையின் வீட்டில் பிள்ளை பார்க்கக் கேட்ட லீவு. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். நேராக வந்து, 'அக்கா, நான் போகணும், பிள்ளையைப் பாத்துக்கோ' என்று கேட்டிருந்தால், கேமராவையும் அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்து ஸ்டேஷன்வரை வந்து கையாட்டியிருப்பாள். கேட்காமல் ஏமாற்றியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இல்லடா, லைன்லதான் இருக்கேன்... பொடிசு, பெரியம்மா ஒண்ணு சொன்னா அழக் கூடாது. பெரியம்மா உங்க வீட்டுக்கு வரல... இல்லடா தங்கம், உன்மேல என்ன கோபம்? உன்மேல ஒரு துளி கோபம் இல்ல... பெரியம்மாவும் ஊரு பாக்கப் போறேன்... ம், ரயில்லதான்... அம்மாகூட இல்ல. தனியா... பயமா? கொஞ்சம் பயம்தான்... திரும்பி வந்து உனக்குப் படம் காட்டுறேன்... கேமரா இருக்கே. ஒரு நிமிஷம் இரு... அண்ணே, இதைக் கட்டிடுங்க. இது மட்டும் போதும், சின்னது வேண்டாம்... ம், சொல்லுடா... அம்மா என்ன பண்றா?... ஓடி வர்றாளா. கேட்டுக்கிட்டேதான் இருந்தாளா. போனைக் கேக்குறாளா?"

அண்ணன் என்று கூப்பிடப்பட்ட கடைக்காரர் டப்பாவைக் கையில் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"குடுக்காத. அம்மா பேசினதெல்லாம் பெரியம்மா கேட்டாச்சு... ஆமா, எல்லாமே கேட்டாச்சு... கீழ சிவப்பா ஒரு பட்டன் தெரியுதா?... அதை அழுத்து... ஆமா, நீயேதான். அழுத்துடா கண்ணு."

பொடிசு சொன்ன பேச்சைக் கேட்கும். அழுத்திவிட்டது.