சுவத்துல எழுதின ஒத்தை வார்த்தை

— பிட்சா வந்திருக்குன்னா நீதான் ஏதோ பண்ணியிருக்க. உண்மையச் சொல்லு ஒடெல்.

— சத்தியமா பெருசா ஒண்ணும் பண்ணல மிஸ் வெர்னா. ஆம்பளைங்க கழிவறைச் சுவத்துல 'சங்கம்'னு ஒரே ஒரு வார்த்தை எழுதினேன்.

— அடப்பாவி, மறுபடியுமா! லாரியிலேர்ந்து பெட்டி இறக்குறவனுக்கு எழுத்து வேலை எதுக்கு?

— போன தடவை தொழிலாளர் சங்கம்னு பேச்செடுத்ததுக்குப் பயந்துதானே ஏசியே போட்டாங்க? அதுக்கு முன்னாடி மைக்ரோவேவ். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே மெத்தை நாற்காலி, அது யாரு புண்ணியம்?

— நாற்காலிய வச்சு நான் என்ன பண்ண ராசா? இந்த முட்டிக்கு ஆபரேஷன் பண்ணணும். அதுக்குக் காப்பீடு வேணும். வாரத்துக்கு முப்பது மணி நேரம் வேலை குடுத்தா காப்பீடும் குடுத்தாகணுமாம். அதான் இருபத்தொம்பது ஆனதும் மேனேஜர் என்னைக் கல்லாவுலேர்ந்து கோழிய விரட்டுற மாதிரி விரட்டுறான்.

— வேற கடைக்குப் போயிடுங்களேன்.

— எந்தக் கடைக்கு? இவ்ளோ பெரிய கடைய இவங்க தொறந்தப்புறம் இந்த ஊருல வேற எந்தக் கடை தேறுச்சு? என் வீட்டுக்காரர் கிளைடு தன் இரும்புக்கடையில ஆணி வித்த விலைக்கு இவங்க சுத்தியலையே குடுத்தாங்க. நானே ரெண்டு வாங்கினேன், வெக்கங்கெட்டவ.

— ஷ்ஷ்! மேலிடத்து ஆளு வர்றாரு. சங்கம் வைக்கப்போற மாதிரி மூஞ்சிய வச்சுக்கோங்க.

— வணக்கம் நண்பர்களே! என் பேரு கிம்பால். நாம எல்லாரும் ஒரே குடும்பம். குடும்பத்துக்குள்ள சங்கம் எதுக்குங்க? சந்தா கேப்பாங்க, சண்டை மூட்டுவாங்க... பிட்சா எடுத்துக்கோங்க, ஆளுக்கு ரெண்டு துண்டு.

— குடும்பம்னா, வீட்டுல ஒருத்திக்கு முட்டி போனா வைத்தியம் பார்க்க மாட்டீங்களா சார்?

— மிஸ் வெர்னா, சும்மா இருங்க!

— நீ சும்மா இரு ராசா. சார், நேராவே சொல்லிடறேன். இங்க சங்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்தப் பய பிட்சாவுக்காகச் சுவத்துல கிறுக்கினது. எனக்கு முழுநேர வேலை வாங்கிக் குடுங்க, நானே போய் அதை அழிச்சுடறேன்.

— ஐயையோ, அழிச்சுடாதீங்கம்மா!

— என்னது?

— தம்பி, மத்தவங்க வர்றதுக்குள்ள அந்தக் கதவைச் சாத்து. நான் இந்தக் கம்பெனி ஆளே இல்லம்மா. கூலிக்குப் பேச வர்றவன். எங்கேயாவது சங்கம்னு சத்தம் கேட்டாத்தான் எங்க ஆபீஸ்ல என்னை அனுப்புவாங்க. இந்த மாசம் உங்க ஊரு ஒண்ணுதான் மாட்டுச்சு. இன்னும் பெருசா எழுதுப்பா. பொம்பளைங்க பக்கமும் எழுது.

— சத்தியமா எழுதறேன் சார். அடுத்த தடவை கோழி வறுவலா கொண்டாங்க.

— அப்ப இந்தக் கோட்டு, டை எல்லாம்?

— உங்க கடையில தள்ளுபடியில எடுத்ததும்மா.

— அட பாவமே. உங்களுக்கும் காப்பீடு கிடையாதுன்னு சொல்லுங்க.

— போன வருஷம் வரைக்கும் கிடையாது. ஊர் ஊரா வண்டி ஓட்டி எனக்கும் முட்டி போச்சு. இப்பப் பாருங்க, ரெண்டும் புதுசு! இதோ உக்காந்து எந்திரிக்கிறேன்!

— அடேங்கப்பா, தவளை மாதிரி குதிக்கிறீங்களே! பணம் யாரு சார் கட்டினது?

— காப்பீடுதான். எங்க ஆபீஸ்ல குடுத்துட்டாங்க.

— கூலிக்கு வர்றவருக்கா? எப்படிங்க குடுத்தாங்க? எனக்கும் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ராத்திரியெல்லாம் வலியில அழறேன் சார்.

— வெளிய சொல்லிடக் கூடாது.

— செத்தாலும் சொல்லமாட்டேன்.

— சங்கம் வேண்டாம்னு பேசிப் பொழைக்கிறவங்க நாங்க இருநூறு பேரு இருக்கோம். எல்லாரும் ஒண்ணு சேர்ந்து ஒரு சங்கம் வச்சுட்டோம்மா.