அடியெடுத்துக் கொடுத்தவள்

கால் குளிர்ந்தால் எனக்குக் குரல் கட்டிக்கொள்ளும். அதனால் கோடையிலும் கம்பளிக் காலுறைதான் போடுவேன். மேடை விளிம்பில், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பெட்டி. உள்ளே ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, முதுகுக்குப் பின்னால் வாத்தியக் குழுவை நடத்துபவரைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி. முப்பத்தொரு வருடம் அதுதான் என் இடம். பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அடியெடுத்துக் கொடுப்பது என் வேலை. செக் நாட்டு மொராவியாவில் எங்கள் ஊர் அரங்கில், அடி மறந்து அவமானப்பட்ட பாடகர் ஒருவரும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரதோவான் ஹெய்துக் எங்கள் இசைநாடகப் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நல்ல மனிதர். இசைத்தாளே வைத்துக்கொள்ள மாட்டார். வாத்தியக் குழுவை நடத்துபவரும் அவரேதான்; முழு நாடகத்தையும் மனப்பாடமாகவே நடத்துவார். முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

"இந்த நாடகப் பருவம் முடிஞ்சதும் அந்தப் பெட்டி வேண்டாம். நான் மூணு மணி நேரத்தை மனசுல வெச்சிருக்கேன். உங்க பாட்டை நீங்க வெச்சுக்க முடியாதா?"

உச்சக்குரலில் பாடும் டெனர் பாடகன் வோய்த்யேக் என்னைக் காட்டித் தொப்பை குலுங்கச் சிரித்தான். "மேஸ்ட்ரோ, என் பொண்டாட்டி பேரே பொஹுமிலாம்மா எடுத்துக் கொடுத்தாத்தான் எனக்கு வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். முடிவை மட்டும் மாற்றவில்லை. எனக்கு உடுப்புக் கிடங்கில் வேலை தருவதாகச் சொன்னார், மரியாதையாகவே சொன்னார்.

எனக்குக் கோபம் இல்லை. மறதி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாதவருக்குத் தெரியவைப்பது குற்றமா?

அவருடைய அப்பா கடைசி நான்கு வருடம் முதியோர் இல்லத்தில் இருந்தவர். மகனைத் தபால்காரர் என்று நினைத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்பாராம். சாப்பாட்டு அறையில் ஒருநாள் அவரே சொன்னார். சொல்லிவிட்டு மிச்சச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். நான் கவனித்தேன். கவனிப்பதுதான் என் தொழில்.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். "இதை நேத்தே சொன்னீங்களே, மேஸ்ட்ரோ" என்பேன். சொல்லியிருக்க மாட்டார். "அப்படியா?" என்று நெற்றியைத் தேய்த்துக்கொள்வார். வாரத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் போனதில்லை.

டிசம்பர் பதின்மூன்று, எங்கள் முதல் பாடகி ஒதிலியேவின் பெயர்நாள். எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் உண்டு; அந்தப் பெயர் உள்ளவருக்கு அன்று பூ கொடுப்பது வழக்கம். பிறந்தநாளை மறந்தாலும் பொறுப்பார்கள், பெயர்நாளை மறந்தால் பொறுக்க மாட்டார்கள். அவர் காலையிலேயே அவளுடைய ஒப்பனை அறையில் வெள்ளை ரோஜாக் கொத்து வைத்துவிட்டுப் போனார். அவள் வருவதற்குள் அதை எடுத்துவந்து என் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

மதியம் அவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். "போன தலைவர் மகா கஞ்சன். அந்த மனுஷனே ஒரு பூ கொடுத்தார், மேஸ்ட்ரோ."

"வெச்சேனேம்மா. மேசை மேல, வெள்ளை ரோஜா."

"எந்த ஊர் மேசை?"

அவர் என் பக்கம் திரும்பினார். "பொஹுமிலாம்மா, நீங்க நடைவழியில நின்னீங்களே. நான் பூவோட போனதைப் பார்த்தீங்கல்ல?"

"வாங்கணும்னு நேத்து சொன்னீங்க, மேஸ்ட்ரோ. இன்னிக்குக் கையில குடைதான் இருந்துச்சு."

பூக்கடையில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தார். அன்று மாலை குடையையும் தொலைத்துவிட்டார். அதற்கு நான் பொறுப்பில்லை.

மார்ச் மாதம், ஞாயிறு பிற்பகல் காட்சி. வோய்த்யேக் பாட்டைத் தொடங்க மூச்சை இழுத்தான். நான் தொடக்க அடிக்குப் பதிலாக நடுப்பகுதியின் அடியை எடுத்துக் கொடுத்தேன். இருபது வருடப் பழக்கம். என் வாயில் வருவதுதான் அவன் வாயில் வரும். வாத்தியக்காரர்களில் பாதிப்பேர் அவனோடு போனார்கள், பாதிப்பேர் தொடக்கத்திலேயே நின்றார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவர் கை அந்தரத்தில் நின்றது.

இடைவேளையில் வோய்த்யேக், "அவர் கை காட்டினதைத்தான் பாடினேன்" என்று எல்லோரிடமும் சொன்னான். பாவம், அவனுக்கு வேலை போய்விடுமோ என்று பயம். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"நான் எந்த இடத்தைக் காட்டினேன்?"

"நடுப்பகுதியை, மேஸ்ட்ரோ."

"அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றார்.

ஏப்ரலில் விலகிவிட்டார். மருத்துவர்கள் மூளையைப் படமெடுத்து ஒன்றுமே இல்லை என்றார்கள். அவர் நம்பவில்லை, அப்பாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னார்களாம். இப்போது மலையடிவார மனநல விடுதியில் இருக்கிறார். பெட்டி அப்படியே இருந்தது. போன மாதம் தச்சர்கள் மேடைப் பலகையை மாற்றும்போது காய்ந்த ரோஜாக்களைக் கண்டெடுத்தார்கள். அதை விசாரிக்கத்தானே நீங்கள் வந்திருக்கிறீர்கள். ஆமாம், நான் எடுத்தவைதான். எல்லாம் நான் செய்ததுதான்.

ஆனால் ஞாயிறு தவறாமல் அவரைப் பார்க்கப் போகிறவளும் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "வேற ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை, நீங்கதான் எங்களுக்குத் தெய்வம்" என்று அவர் மனைவி த்ராஹோமீரா என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

போன ஞாயிறு அவர் முகம் தெளிந்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு நாடகத்தின் முதல் அங்கம் முழுவதையும் வாயாலேயே முனகி, விரலால் நடத்திக் காட்டினார். ஒரு சுரம் பிசகவில்லை. முடித்துவிட்டுக் குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார்.

"முழுசும் வந்துடுச்சு, பொஹுமிலாம்மா. ஒண்ணும் விடலைல்ல?"

எனக்கே கண் கலங்கிவிட்டது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

"நடுவுல ரெண்டு பக்கம் போயிடுச்சு, மேஸ்ட்ரோ. கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்ல."