அடுப்படி மூலை

— “இந்த இடத்துல முன்னாடி என்னம்மா இருந்துச்சு?”ன்னு அந்த இன்ஜினியர் என்னைத்தாண்ணே கேட்டாரு. உன்னைக் கேக்கல.

— யாரைக் கேட்டா என்ன வானதி? நெல்லு விளைஞ்ச வயல்னு நான்தான் பதில் சொல்லிட்டேன்ல.

— நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சொல்லிட்ட.

— ஆமா, நீ திறந்துட்டாலும். வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேப்பாருன்னு பள்ளிக்கூடத்தையே விட்டவ நீ. அது கிடக்கட்டும் பாப்பா. இன்ஜினியர் பிரபுவும் அவன் கம்பெனி முதலாளியும் மன்னார்குடியில இருந்து கிளம்பிட்டாங்களாம். வந்ததும் நீ ஒண்ணே ஒண்ணு சொல்லு. “இன்ஜினியர் பிளான்தான் தப்பு, கடைக்கால் ஆழம் பத்தல.” அதோட நிறுத்திக்க.

— நீயே சொல்லேன்.

— நான் காண்ட்ராக்ட் எடுத்தவன். நான் சொன்னா, பழியைத் தள்ளிவிடறான்னு நினைப்பாங்க. வீடு உன் பேர்ல இருக்கு. நீ சொன்னா அந்த முதலாளி தன் செலவுல இடிச்சுக் கட்டித் தருவான்.

— பிரபு?

— அவனுக்கு என்ன, வேற கம்பெனிக்குப் போவான்.

— இப்படிப் பேர் கெட்டுப்போனா யாருண்ணே சேத்துக்குவாங்க? வயல்னு நீ சொன்னே. வயலுக்கு எவ்வளவு ஆழமோ அதைக் குடுத்தாரு.

— மெதுவாப் பேசு. சித்தாளுங்க காதுல விழப்போகுது.

— மூணு பக்கமும் செவுரு அப்படியே நிக்குது. ஆத்துல தண்ணி விட்டு மண்ணு ஊறினதும் அடுப்படி மூலை மட்டும் இறங்குது. வெடிப்புக்குள்ள என் கை போகுதுண்ணே. நேத்து அது வழியா ஒரு பல்லி உள்ள வந்துச்சு.

— பல்லி வந்தா நல்ல சகுனம்.

— அப்ப உன் வீட்டுக்குப் புடிச்சிட்டுப் போ.

— அடேயப்பா. ஊமைக்குப் பேச்சு வந்துடுச்சு.

— அந்த மூலையில ஓடினது வாய்க்கால். நம்ம வயலுக்குத் தண்ணி பாஞ்ச வாய்க்கால். எனக்குப் பங்கு பிரிக்கறதுக்கு முந்தின கோடையில நீதான் தூர்த்த.

— பொட்டப்புள்ளைக்கு ரோட்டோரமா இடம் எழுதி வச்ச அண்ணன் இந்த ஊர்ல எவன் இருக்கான், காட்டு பாப்போம்.

— வாய்க்காலை எழுதி வச்ச அண்ணன்.

— கேட்டியா, இதைத்தான் உன் வீட்டுக்காரரும் சொல்லுவாரு. வாய்க்காலைக் குடுத்து ஏமாத்தின குடும்பம்னு ஆயுசுக்கும் உன்னைக் குத்திக் காட்டுவாரு. அதுக்குத்தான் வாயை மூடிக்கன்னேன். உனக்காகத்தான் பாப்பா.

— தெரியும்ண்ணே. அதனாலதான் இத்தனை நாளும் அவர்கிட்ட மூச்சு விடல. ராத்திரி காவலுக்குக் கொட்டாயில படுத்திருந்தா, செவுரு வெடிப்பு விடுற சத்தம் கேக்கும். பக்கத்துல புள்ள தூங்கும். அப்பவும் போன்ல “எல்லாம் நல்லா இருக்குங்க”ன்னுதான் சொல்லுவேன். உன்னை அவர் ஒரு சொல்லு சொல்லிடக் கூடாது. பொங்கலுக்குச் சீர் எடுத்துட்டு வர எனக்கும் ஒருத்தர் இருக்கணும்.

— அந்தப் புத்தி இருக்குல்ல? அப்படியே இரு. இந்தா, மாப்ளதான் கூப்பிடுறாரு. ஸ்பீக்கர்ல போடு.

— வானதி, லைன்ல இருக்கியா?

— இருக்கேங்க. அண்ணனும் பக்கத்துல இருக்காரு.

— மச்சான், எல்லாம் சொல்லிக் குடுத்துட்டீங்களா?

— சொல்லிட்டேன் மாப்ளே. கொஞ்சம் தயங்குது.

— சிம்பிளா சொல்றேன் வானதி. நான் சிங்கப்பூர்ல ராவும் பகலும் கப்பல் பட்டறையில வேகுறது இந்த வீட்டுக்குத்தான். இன்ஜினியர் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. வேலை முடிஞ்சுது.

— அவர் தப்பு இல்லைங்க.

— பின்ன யாரு தப்பு?

— வானதி, வேணாம்.

— உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேங்க. அண்ணனைத் திட்டாதீங்க. இது முழுக்க வயல் இல்ல. அடுப்படி இருக்கிற மூலை வாய்க்கால். அண்ணன் தூர்த்துட்டுக் குடுத்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சா தாய்வீட்டு உறவே அத்துப்போயிடும்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.

— இதுக்கா இவ்வளவு இழுத்த?

— என்னங்க?

— வாய்க்கால்னு எனக்குத் தெரியாதா? பங்கு பேசும்போதே மச்சான் சொல்லிட்டாரு. ரோட்டோரமா வேற எங்க இடம் கிடைக்கும், சரின்னுட்டேன். இன்ஜினியருக்குத் தெரிஞ்சா ஆழமாத் துளை போட்டு பைல் தூண் இறக்கணும்பான், வருஷக்கணக்கா இழுக்கும். அதான் உன்னை அவன்கிட்டப் பேசவிடாமப் பாத்துக்கங்கன்னு மச்சான்கிட்டச் சொன்னேன். லீவுக்கு வரும்போது குடி போகணும்ல.

— மாப்ளே, அதை இப்ப எதுக்கு...

— இருக்கட்டும் மச்சான். நம்ம வானதிதானே. வானதி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத. சொன்னதை மட்டும் சொல்லிடு, என்ன? வானதி? லைன்ல இருக்கியா?

— வானதி, எங்க போற?

— மச்சான், அவ சத்தத்தையே காணோம்?

— போனைச் சிமெண்ட் மூட்டை மேல வச்சுட்டு எறங்கிட்டா மாப்ளே.

— என்ன சொல்லிட்டுப் போனா?

— என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல.

— அழுதுட்டு வரட்டும் விடுங்க. எங்க போயிடப் போறா?

— மதகுகிட்ட பிரபுவும் அவன் முதலாளியும் வந்து நிக்கிறாங்க மாப்ளே. நேரா அங்கதான் போறா.