ஆடி மழையில் மூங்கிலை முற்றவைத்த திரு. செ. அர்த்தநாரி அவர்களுக்கு

மூங்கில் மண்ணை நம்பி வளர்வதில்லை, மாதத்தை நம்பி முற்றுவதில்லை. கண்காணிப்பாளர் கையசைத்தால் வளர்கிறது, கண்ணசைத்தால் முற்றுகிறது என்னும் பேருண்மையைச் சேர்வராயன் மலைக்கு முதன்முதலில் அறிவித்த அறிஞரே! அரிவாளைத் தொடாமலே அடிக்காட்டுப் புதர்களை அடக்கி ஆண்ட ஆற்றலரே! மலைச்சாரல் மூங்கில் வளர்ப்போர் சங்கக் கிடங்கின் மாசற்ற மாண்பாளரே! ஐயா அர்த்தநாரி அவர்களே! தங்கள் பணி நிறைவு நாளாகிய இன்று, தங்களால் வளைந்தும் வளையாமல் முறிந்தும் போன ஊழியர்களாகிய நாங்கள் ஒன்றுகூடி, கைகூப்பி, கழுத்தில் மாலையிட்டு வணங்குகிறோம்.

மேற்கண்ட புகழுரையில் எங்கள் கற்பனை எள்ளளவும் இல்லை. பணியேற்ற முதல் வாரத்திலேயே தாங்கள் திருவாய் மலர்ந்தருளியதுதான் அது. "மூங்கிலுக்கு ஏதய்யா வயசு? அதென்ன பொண்ணு பார்க்கப் போற மாப்பிள்ளையா? புல்லு சாதிதானே அது. புல்லு அறுக்க நாளும் வருசமும் பார்க்கற ஆளுங்களை நான் இந்த ஏற்காட்டுலதான் பார்க்கறேன்" என்றீர்கள். மூங்கில் புல்லினம் என்பது உண்மையாகையால் நாங்களும் பயபக்தியோடு தலையாட்டினோம்.

தாங்கள் வருமுன் இக்கிடங்கில் இருள் சூழ்ந்திருந்தது. முளைத்து மூன்று நான்கு ஆண்டு கண்ட மூங்கிலைத்தான் வெட்டுவோம். பளபளக்கும் பச்சையில் வெண்பொடி பூசிக்கொண்டு நிற்கும் இளசைத் தொடமாட்டோம். பச்சை மங்கி, பாசிப்புள்ளி விழுந்த கிழட்டைத்தான் தேடுவோம். அது புதரின் நட்ட நடுவில் முள்ளுக்குள் நிற்கும், வெளிச்சுற்றில் நிற்பதெல்லாம் பிள்ளைகள். மழைக்காலத்து மூங்கிலின் உடம்பில் நீரும் மாவும் ஏறியிருக்கும், அந்த மாவைத் தின்ன வண்டு வரும் என்று அஞ்சி, மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்வரை அரிவாளைச் சுவரிலேயே மாட்டி வைத்திருப்போம். வெட்டியதையும் சும்மா விடாமல் ஓடைத் தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் நிறுத்திக் காயவைத்து, அப்புறம்தான் ஏணியாக்குவோம். எத்தனை காலவிரயம்! எத்தனை கீறல்கள்!

தாங்கள் வந்தீர்கள், காலம் மிச்சமாயிற்று. சங்கத்தின் புரட்டாசி ஆண்டுக்கூட்டத்தில் கிடங்கு நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக ஆடியிலேயே அரிவாளை இறக்கினீர்கள். "மழையில மூங்கில் பூவாட்ட இருக்கும், வெட்டறதுக்கு நோகாது" என்று கனிந்து கூறினீர்கள். முள்ளுக்குள் நுழையும் மடமையை ஒழித்து, தலைமுடி திருத்துவதுபோல் வெளிச்சுற்றை வழித்தெடுக்கப் பணித்தீர்கள். ஊறப்போடுவதையும் நிறுத்தினீர்கள். "அதான் மழையில நனைஞ்சுக்கிட்டேதானே வருது? அப்புறம் எதுக்கு ஓடையில போட்டு நனைக்கோணும்?" என்று தாங்கள் வினவியதும் ஓடைக்கும் ஓய்வு கொடுத்தோம்.

பலன் கைமேல் கிடைத்தது. நாலாபுறமும் மொட்டையடிக்கப்பட்ட புதர்கள் அடுத்த மழைக்குக் முழங்கைத் தடிமனில் குருத்து விடுவதை விட்டுவிட்டு விரல் தடிமனில் விட்டன. நடுவில் நின்ற கிழடுகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நின்றபடியே செத்தன. கிடங்கிலோ வண்டு குடையும் கிறுகிறு ஓசை இன்னிசையாய் ஒலித்தது. மத்தியானத்தில் தங்கள் கண்ணயர்வுக்கு அதுவே தாலாட்டு. தலையிலும் தோளிலும் வெள்ளைப் பொடி படிய நாங்கள் ஒண்டிக்கடை முக்குக்குத் தேநீர் குடிக்கப் போனால், மாவு மில்லில் வேலையா என்று மரியாதையாக விசாரித்தார்கள். இம்மடலை மாட்டும் கண்ணாடிச் சட்டத்தையும் நன்றி மறவாது அந்த ஆடி மூங்கிலிலேயே செய்திருக்கிறோம். சோறு உண்ணும் இடத்துக்கு நேர் மேலே மட்டும் மாட்ட வேண்டாமெனப் பணிந்து கேட்டுக்கொள்கிறோம்.

அருங்குணச் செம்மலே! தங்கள் நகைச்சுவையைப் பாடாமல் இம்மடல் நிறைவு பெறாது.

செம்மநத்தத்து முத்தாயியைத் தாங்கள் மறந்திருக்கலாம். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடியில் ஏறிப் பறிப்பவள். தரையில் நிற்கும்போது தலைநிமிர்ந்து பேசாத அவள், ஏணியின் உச்சியில் நின்றால் மட்டும் கீழே இருப்பவர்களை அதட்டுவாள். அது ஒன்றுதான் அவளுக்கு வாய்த்த அதிகாரம். அவளும், தோட்டத்துக் கணக்கெழுதி ஆள் ஏவும் எஸ்டேட் ரைட்டர் ஏசுராஜும் ஒரு தை மாதக் காலையில் மிளகு ஏணி எடுக்கக் கிடங்குக்கு வந்தார்கள். முத்தாயி மலையில் எல்லாரும் செய்வதைச் செய்தாள். ஏணி மூங்கிலை விரல்முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்டாள்.

"ஏம்மா, தேங்காய் வாங்க வந்தியா? சந்தை ஞாயித்துக்கெழமை, போயிட்டு அப்புறமா வா" என்றீர்கள்.

"இல்லீங்க சார், சத்தம் பொதுபொதுங்குதுங்க. எளசாட்ட இருக்குதுங்க."

"காதை வெச்சு நொம்ப நேரம் கேக்கறயே, என்ன சொல்லுது? ஊட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்குதா?"

கிடங்கே அதிரச் சிரித்தோம். தங்கள் பதவிக்குரிய சிரிப்பு அது, குறைவில்லாமல் செலுத்தினோம். முத்தாயியும் சிரித்துவிட்டாள். வெளியே வந்ததும் ஏசுராஜ், "வேற ஏணி கேட்டா அந்த மனுசன் எஸ்டேட்டுக்கே ஏணி இல்லைன்னுடுவாரு. இன்னைக்கு ஒருநாள் பார்த்து ஏறுங்க முத்தாயி" என்றார். பார்த்துத்தான் ஏறினாள். நடுக்கணுவுக்கு மேல் ஏணி முறிந்தது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, ரொட்டியைப் பிட்டதுபோல் வந்தது என்கிறார்கள் பார்த்தவர்கள். கீழே கிடந்தவளின் இடது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

தாங்கள் ஜீப்பில் விரைந்து வந்தீர்கள். முறிந்த மூங்கிலைக் கையிலெடுத்தீர்கள். உள்ளே மாவு மாவாகப் பொடி. அதை ஒரே மூச்சில் ஊதிவிட்டு, கூடியிருந்தோரிடம் தீர்ப்பளித்தீர்கள்: "ஏறத் தெரியாதவங்களை ஏத்திவுட்டா ஏணி என்னய்யா பண்ணும்?"

சேலம் பஸ்ஸைவிட வேகமாக அவ்வாக்கியம் மலையிறங்கிற்று. எஸ்டேட் எஸ்டேட்டாக நுழைந்தது. எலும்பு கூடிய பிறகும் எவரும் முத்தாயியை ஏணியில் ஏற்றவில்லை. அந்தத் தை போயிற்று, அடுத்த தையும் போயிற்று. மரத்தடியில் குனிந்து, மேலே ஏறியவர்கள் சிதறவிட்ட மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நேற்று ஏறப் பழகிய பெண்கள் மேலேயிருந்து, "அக்கா, அந்தப் பக்கம் விழுந்துச்சு பாருங்க" என்று அவளுக்கு வழி காட்டினார்கள். ஏசுராஜிடம் கேட்டபோது, "எனக்குத் தெரியாதுங்களா முத்தாயி? ஆனா கண்காணிப்பாளர் வாயால வந்த சொல்லு. நான் ஏத்தி, மறுபடி ஒண்ணு ஆச்சுன்னா என் வேலை போயிரும். அவரே ஏணிதான் சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

ஆகவே அவள் தங்களிடம் வந்தாள். ஒண்டிக்கடையில் தாங்கள் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தாள். கிடங்கு வாசலில் வந்தாள். "ஏனுங்க சார், ஒத்தை வார்த்தைங்க" என்று மட்டும்தான் கேட்டாள். தாங்களும் ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. "சொல்லிரலாம் கண்ணு. ரிடையர் ஆகறதுக்குள்ள சொல்லிர்றேன், போதுமா?" என்று தட்டிக் கொடுத்தே அனுப்பினீர்கள். பொறுமைக்கு இலக்கணமே! வாக்குக்கு வரம்பே! அந்த நாள் இன்று.

ஆயினும் மேடையில் தாங்கள் அதற்காகச் சிரமப்பட வேண்டாம். முத்தாயி இவ்விழாவுக்கு வரவில்லை. இன்று காலை ஏசுராஜ் அவளை மரமேற்றிவிட்டார். தானே தட்டிக் கேட்டுத் தேர்ந்தெடுத்த ஏணியில், முழுதாகத் திரும்பாத இடது மணிக்கட்டோடு, இந்நேரம் அவள் உச்சியில் நின்று யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் இது எப்படி நடந்தது என்று தாங்கள் திகைக்கலாம்.

அதைச் சொல்லுமுன் வாழ்த்திவிடுகிறோம், பிறகு மறந்துவிடும். சேலத்துப் புது வீட்டில் தாங்கள் மூட்டுவலி அறியாது, மூச்சிரைப்பு அணுகாது, பேரப்பிள்ளைகள் சூழப் பல்லாண்டு அமர்க! மொட்டைமாடியில் வற்றல் காயவைக்கத் தங்கள் அருமை மகள் ஏறும் ஏணி எந்நாளும் முறியாதிருக்க! இது வெறும் வாழ்த்தன்று, உறுதி. ஏனெனில் அந்த ஏணியைத் தங்கள் வீட்டுச் சாமான் லாரியில் ஏற்றியவர்கள் நாங்கள்தாம்.

நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டதாகத் தாங்கள் எண்ணினீர்கள். நாங்கள் கொட்டகைக்குப் பின்னால்தான் இருந்தோம். வாசலில் ஏசுராஜ் நின்றிருந்தார். கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்க முத்தாயியும் வந்திருந்தாள். வாய் திறக்கப் போனவளை ரைட்டர் கையமர்த்தி, "கூப்பிடாதீங்க, பேசாம பாருங்க" என்றார். பார்த்து முடித்ததும், "எனக்கு இது போதுங்க. நாளைக்குக் காலைல மிளகுப் பையோட வந்துருங்க" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

தாங்கள் எவரையும் பார்க்கவில்லை. முன்வரிசையில் நின்ற ஆடி மூங்கில் ஏணிகளைத் திரும்பியும் பாராமல் கடந்து, தங்களுக்கு முன்னிருந்தவர் காலத்தில் மார்கழியில் வெட்டி ஓடையில் ஊறிய பழைய ஏணிகள் கிடக்கும் மூலைக்குப் போனீர்கள். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தீர்கள். பாசிப்புள்ளியைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு வேட்டியை மடித்துக்கொண்டு குந்தி, கண்ணை மூடி, காதை மூங்கிலோடு ஒட்டவைத்து, விரல்முட்டியால் மெல்லத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

தங்கள் அன்பு மறவாத,
கிடங்கு ஊழியர்கள்,
மலைச்சாரல் மூங்கில் வளர்ப்போர் சங்கம்,
ஏற்காடு.
31 ஜனவரி 1987